அடைக்கலம் தேடிய அரசர்: கடாரத்து ஸுல்தான் அஹ்மது தாஜுத்தீன் ஹலீம் ஷா

பினாங்கிற்கு நம் முன்னோர் பிழைப்புத் தேடி வந்த வரலாற்றை நாம் பலமுறை பேசியும் எழுதியும் இருக்கிறோம். பரங்கிப்பேட்டையிலும் நாகூரிலும் நாகப்பட்டினத்திலும் பாய்க்கப்பல் ஏறி, துணி மூட்டைகளுடன் இக்கரை சேர்ந்தவர்களின் கதை நம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் பிழைப்புக்காக அன்றி உயிருக்காக இத்தீவில் வந்து இறங்கிய ஓர் அரசரின் கதையை நாம் அதிகம் பேசுவதில்லை. இத்தீவு ஒரு காலத்தில் அவருடைய தந்தையாரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தந்தை விட்டுக்கொடுத்த மண்ணில் மகன் அகதியாக வந்து நின்றார். ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் இங்கே இருந்தார். இங்கே கிடைத்தது அடைக்கலமா சிறையா என்று அவரைக் கேட்டிருந்தால், அவராலும் சட்டென்று விடை சொல்லியிருக்க முடியாது.

அவர்தாம் மர்ஹூம் ஸுல்தான் அஹ்மது தாஜுத்தீன் ஹலீம் ஷா அவர்கள். கடாரம் என்று நம் பழைய கல்வெட்டுகள் கூறும் கெடா நாட்டின் அரசர். மலாயாவின் முதற் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அவர்கள் இவருடைய வம்சத்தில் வந்தவரே. இவ்வரசரின் வரலாற்றை நம் ஏட்டில் எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அடைக்கலம் கொடுப்பது என்றால் என்ன, அது எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்ற கேள்வி இன்று நம் கடை வாசலிலும் வீட்டு வாசலிலும் வந்து நிற்கிறது. அதற்கு விடை தேடுவோருக்கு நம் ஊரிலேயே நடந்த இவ்வரலாறு ஒரு பெரும் பாடம்.

தந்தை கொடுத்த தீவு

இவருடைய தந்தையார் ஸுல்தான் அப்துல்லாஹ் முகர்ரம் ஷா. கடாரம் அக்காலத்தில் செழிப்பான நாடு. நெல்லும் கால்நடையும் ஏராளம். ஆனால் வடக்கே சயாம், அதற்கப்பால் பர்மா என்று இரு வல்லரசுகளின் பகைக்கு நடுவே அது இருந்தது. தமக்கு ஆபத்து வரும்போது கிழக்கிந்தியக் கம்பெனியார் படையுதவி செய்வார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஸுல்தான் அப்துல்லாஹ் பினாங்குத் தீவை அவர்களிடம் விட இசைந்தார். 1786-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11-ம் நாள் பிரான்ஸிஸ் லைட் இங்கே கம்பெனிக் கொடியை ஏற்றினார். கொடி ஏறியது; படையுதவி வாக்குறுதியைக் கம்பெனி மேலிடம் ஏற்கவில்லை. ஏமாற்றமடைந்த ஸுல்தான் 1791-ல் பிறையில் படை திரட்டித் தீவைத் திரும்பப் பெற முயன்று தோற்றார். அதன்பின் ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய வெள்ளி என்று உடன்படிக்கை ஆயிற்று. 1800-ல் எதிர்க்கரையில் ஒரு நிலப்பகுதியும் கம்பெனிக்குப் போய், தொகை 10,000 வெள்ளியாக உயர்ந்தது.

இவ்விடத்தில் நம்மவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். லைட் வருவதற்கு முன்பே சூலியா வணிகர் கடாரத்துத் துறைமுகத்தில் வாணிபம் செய்துகொண்டிருந்தார்கள். ஸுல்தானின் சொந்த வியாபாரத்தைக் கவனிக்கும் சவுதாகர் ராஜா என்னும் பதவியிலும் நம் மரக்காயர்மார் அமர்ந்திருக்கிறார்கள். பினாங்குத் துறைமுகம் திறந்ததும் அவர்களிற் பலர் இங்கே கடை மாற்றினார்கள். ஆக, நம் சமூகம் இத்தீவுக்கு வந்த வழிகளில் ஒன்று கடாரத்தின் வழி. 1801-ல் பள்ளிவாசலுக்கு நிலம் பெற்று, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு அடிகோலிய காதர் முஹ்யித்தீன் மரக்காயர் 1834 வரை வாழ்ந்தார். நாம் சொல்லப்போகும் அரசர் இத்தீவில் இருந்த ஆண்டுகளில் நம் முன்னோர்களும் இதே தெருக்களில் தராசு பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்வார்களாக.

இரு கல்லுக்கு நடுவே

ஸுல்தான் அப்துல்லாஹ் 1797-ல் காலமானார். சில ஆண்டுகள் அவருடைய சகோதரர் ஆண்டபின், 1803-ம் ஆண்டு வாக்கில் அஹ்மது தாஜுத்தீன் பட்டத்துக்கு வந்தார்.

சயாம் அரசருக்குக் கடாரம் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பொன்னாலும் வெள்ளியாலும் செய்த பூஞ்செடிகளை அனுப்பி வந்தது. பூங்கா மாஸ் என்பது அதன் பெயர். மலாய் அரசர்கள் அதைப் பெரியவருக்குச் சிறியவர் அனுப்பும் மரியாதை என்று கருதினார்கள். சயாமியரோ அடிமை நாடு செலுத்தும் கப்பம் என்று கொண்டார்கள். ஒரே பொருளை இருவர் இரு கணக்கில் எழுதினால் என்ன ஆகும் என்பது வியாபாரிகளாகிய நமக்குச் சொல்லவேண்டியதில்லை.

அந்தக் கணக்குத் தகராறு 1818-ல் முற்றியது. பேராக் நாட்டைத் தாக்கிப் பணிய வைக்குமாறு பாங்காக்கிலிருந்து கட்டளை வந்தது. பேராக் அரசரும் முஸ்லிம், அண்டை வீட்டார், அவருடன் இவருக்கு எந்தச் சண்டையும் இல்லை. இவர் பினாங்கு அதிகாரிகளிடம் முறையிட்டார். அவர்களோ சயாமின் சொற்படி நடப்பதே நல்லது என்ற தோரணையில் விலகிக்கொண்டார்கள். வேறு வழியின்றிப் படை அனுப்பினார். கட்டளைக்குக் கீழ்ப்படிந்தும் நிம்மதி வரவில்லை. கப்பம் தாமதமாயிற்று, பர்மியருடன் இரகசியத் தொடர்பு வைத்திருக்கிறார் என்று குற்றச்சாட்டுகள் எழுந்தன. நேரில் பாங்காக் வந்து விளக்கம் சொல்லவேண்டும் என்று உத்தரவு வந்தது. போனவர் திரும்புவது அரிது என்று அவருக்குத் தெரியும். போகவில்லை.

1821 நவம்பர்

1821-ம் ஆண்டு நவம்பர் மாதம், லிகோர் என்று வழங்கும் நக்கோன் சி தம்மராட்டின் அதிபர் அனுப்பிய சயாமியக் கப்பற்படை கோலக் கெடா முகத்துவாரத்தில் நுழைந்தது. பர்மியர்மீது படையெடுத்துப் போகிறோம், வழிக்கு அரிசி வேண்டும் என்று கேட்டார்களாம். அரிசியை அளந்துகொண்டிருக்கும்போதே பாய்ந்தார்களாம். மலாய் மக்கள் அந்தப் போரை மூசு பீசிக் என்று இன்றும் சொல்லுவார்கள். கிசுகிசுத்து வந்த பகைவர் என்பது பொருள். கோட்டை வீழ்ந்தது. உயிர்ச்சேதம் மிகுதி. ஸுல்தான் தப்பிக் கம்பெனியின் எல்லைக்குள் நுழைந்து பினாங்கு வந்து சேர்ந்தார்.

அவர் பின்னால் மக்களும் வந்தார்கள். படகிலும் காட்டுவழியிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் செபராங் பிறையில் வந்து விழுந்தன. பெற்றோரை இழந்த குழந்தைகள், கணவனை இழந்த பெண்கள், ஏரும் மாடும் இழந்த உழவர்கள். வந்தவர்கள் கையேந்திக்கொண்டே இருந்துவிடவில்லை. காட்டை வெட்டினார்கள், சதுப்பைத் திருத்தினார்கள், நாற்று நட்டார்கள். எதிர்க்கரை நெல்வயலாக மாறியதில் இந்த அகதிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அகதி என்றால் சுமை என்று எண்ணுவோர் பாகானுக்கு அப்பால் உள்ள வயல்களை ஒருமுறை நினைத்துப் பார்க்கவேண்டும்.

அப்போது பினாங்கில் கவர்னராக இருந்தவர் பிலிப்ஸ். ஸுல்தானை ஒப்படைத்துவிடு என்று லிகோர் அதிபர் கேட்டார். பிலிப்ஸ் மறுத்துவிட்டார். தம் எல்லைக்குள் புகலிடம் தேடி வந்த ஒருவரைப் பிடித்துக் கொடுப்பதில்லை என்று உறுதியாக நின்றார். எல்லையில் காவலையும் பலப்படுத்தினார். கம்பெனியாரிடம் நமக்கு ஆயிரம் குறை இருக்கலாம். இந்த ஒரு செய்கையை நாம் பாராட்டத்தான் வேண்டும்.

நஜாஷியின் வாசல்

இதைப் படிக்கும்போது நம் உள்ளம் அபீஸீனியாவுக்குப் போகிறது. கி.பி. 615-ம் ஆண்டளவில் மக்கத்துக் குறைஷிகளின் கொடுமை தாளாமல், நபி (ஸல்) அவர்களின் யோசனைப்படி ஸஹாபாக்கள் சிலர் கடல் கடந்து நஜாஷி மன்னரின் நாட்டில் புகுந்தார்கள். இஸ்லாத்தின் முதல் ஹிஜ்ரத் அதுதான். குறைஷிகள் சும்மா இருக்கவில்லை. உயர்ந்த தோல் சாமான்களைக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு தூதர்களை அனுப்பினார்கள். ஓடிவந்தவர்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். கிறிஸ்தவராகிய அம்மன்னர் ஜஃபர் (ரலி) அவர்களை அழைத்து அவர்கள் தரப்பையும் கேட்டார். கேட்டபின் அகதிகளை ஒப்படைக்க மறுத்ததோடு, காணிக்கைகளையும் திருப்பி அனுப்பிவிட்டார்.

காணிக்கையைத் திருப்பி அனுப்பினார் என்பதை நாம் அழுத்திச் சொல்லுகிறோம். அகதியை ஒப்படைக்காமல் இருப்பது அடைக்கலத்தின் முதற் பாதி. அவர் பெயரைச் சொல்லி இலாபம் எதையும் வாங்காமல் இருப்பது மறு பாதி. முதற் பாதியில் பினாங்கு தேறியது. மறு பாதியில் என்ன ஆயிற்று என்பதை இனிக் காண்போம்.

அரிசிக்கு ஈடான அரசர்

பினாங்கு நகரம் அரிசிக்கும் கால்நடைக்கும் கடாரத்தையே நம்பியிருந்தது. கடாரம் இப்போது சயாமியர் கையில். அவர்களைப் பகைத்துக்கொண்டால் நகரத்தில் அடுப்பெரியாது. அத்துடன் சயாமில் வியாபார வாசலைத் திறக்கவேண்டும் என்ற ஆசையும் கம்பெனிக்கு இருந்தது. 1822-ல் ஜான் கிராபர்ட் பாங்காக் போனார். ஸுல்தானுக்கு அதனால் ஒரு பயனும் கிட்டவில்லை. 1824-ல் பர்மியருடன் கம்பெனிக்குப் போர் மூண்டது. சயாமின் நட்பு முன்னிலும் தேவைப்பட்டது.

இதற்கிடையில் ஸுல்தான் பினாங்கில் இருந்தபடியே தம் நாட்டை மீட்டுத்தருமாறு கல்கத்தாவுக்கு எழுதிக்கொண்டிருந்தார். தம் தந்தை எந்த நம்பிக்கையில் தீவைக் கொடுத்தார் என்பதை நினைவூட்டினார். அவருக்காகப் பரிந்து பேசிய வெள்ளையரும் இருந்தார்கள். கம்பெனி உத்தியோகஸ்தரான ஜான் ஆண்டர்ஸன் 1824-ல் இதே பினாங்கில் ஒரு நூல் அச்சிட்டு, கடாரம் சயாமின் அடிமை நாடு அல்ல என்றும், ஸுல்தானுக்குக் கம்பெனி கடமைப்பட்டிருக்கிறது என்றும் வாதாடினார். மேலிடம் செவிசாய்க்கவில்லை.

1826-ம் ஆண்டு ஜூன் மாதம் ஹென்றி பர்னி பாங்காக்கில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார். அதன் 13-வது ஷரத்து கடாரத்தைப் பற்றியது. நம் வியாபாரிகள் அதைக் கவனமாகப் படிக்கவேண்டும். சயாமியர் கடாரத்திலேயே இருப்பார்கள். பினாங்குவாசிகள் அங்கே வாங்கும் மாடு, எருமை, கோழி, மீன், நெல், அரிசி ஆகியவற்றுக்குச் சயாமியர் வரி விதிக்கமாட்டார்கள். அதற்குப் பதிலாக, முன்னாள் ஸுல்தானையோ அவருடைய ஆட்களையோ கடாரத்தைத் தாக்க ஆங்கிலேயர் விடமாட்டார்கள். அவரைப் பினாங்கிலும் பிறையிலும் பேராக்கிலும் சிலாங்கூரிலும் பர்மிய நாட்டிலும் அன்றி வேறெங்காவது கொண்டுபோய் வைப்பார்கள். அப்படிச் செய்யாவிட்டால் சயாமியர் நெல்லுக்கும் அரிசிக்கும் ஏற்றுமதி வரி வாங்கிக்கொள்ளலாம்.

அரசர் ஒருவர் தராசின் ஒரு தட்டில். நெல்மூட்டை மறு தட்டில். அந்த உடன்படிக்கையில் ஸுல்தானின் கையெழுத்து இல்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை. அந்த வரியில்லா அரிசியை உண்டவர்களில் நம் முன்னோரும் இருந்திருப்பார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்லுவது நியாயமன்று. அங்காடிக்கு வந்த அரிசியை வாங்கினார்கள். ஆனால் நாம் வாங்கும் பொருளின் விலையில் வேறொருவர் வாழ்வு கலந்திருக்கக்கூடும் என்ற எண்ணம் முஸ்லிம் வியாபாரிக்கு எக்காலத்திலும் இருக்கவேண்டும்.

மலாக்காவுக்குப் பயணம்

ஸுல்தான் பினாங்கை விட்டுப் போக மறுத்தார். எதிர்க்கரையில் தம் மக்கள் இருந்தார்கள். அதற்கப்பால் தம் நாடு இருந்தது. கம்பெனி அவருக்கு உதவித்தொகை கொடுத்து வந்தது. ஆனால் அவர் யாரைச் சந்திக்கிறார், யாருக்கு எழுதுகிறார் என்று கண்காணித்தும் வந்தது.

1831-ம் ஆண்டு அவருடைய உறவினர் துங்கு கூடின் செபராங் பிறையிலிருந்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு போய்க் கோலக் கெடா கோட்டையைக் கைப்பற்றினார். சில மாதங்கள் அது மலாய்க்காரர் கையில் இருந்தது. தம் உடன்படிக்கையைக் காட்டி ஆங்கிலேயர் கப்பலை அனுப்பிக் கடலை மறித்தார்கள். உணவும் மருந்தும் போகாமல் தடுத்தார்கள். அவ்வாண்டு அக்டோபரில் கோட்டை மீண்டும் சயாமியரிடம் வீழ்ந்தது. துங்கு கூடின் போரில் மடிந்தார். அதன்பின் ஸுல்தானை அவர் விருப்பத்துக்கு மாறாக மலாக்காவுக்குக் கொண்டுபோனார்கள். புகலிடம் கொடுத்த கையே அவரைக் கப்பலில் ஏற்றியது.

கம்பெனியாரின் தரப்பையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. தம் நிழலில் இருந்துகொண்டு ஒருவர் அண்டை நாட்டின்மீது போர் மூட்டினால், அந்த நெருப்பு தம் வீட்டையும் பற்றும் என்று அவர்கள் அஞ்சினார்கள். விருந்தாளிக்கும் கடமை உண்டு என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஸுல்தான் அந்தக் கடமையில் வழுவாதவர் என்று சொல்ல முடியாது. 1836-ல் சுமத்திராவிலுள்ள டெலிக்குப் போய்வர அனுமதி பெற்றவர், பேராக் கரையிலுள்ள பெருவாஸில் தங்கிப் படகுகளைச் சேர்த்தார். 1837-ல் ஆங்கிலப் போர்க்கப்பல் போய் அவரைப் பிடித்துவந்து மீண்டும் மலாக்காவில் வைத்தது. ஆனால் ஒன்றை யோசிக்கவேண்டும். வீட்டுக்குப் போகும் நேர்வழி அனைத்தும் அடைபட்ட மனிதன் சுவரேறிக் குதிப்பான். அவன் குதித்ததைக் குற்றம் என்று எழுதும்போது, வழியை அடைத்தவர் யார் என்றும் பக்கத்திலேயே எழுதவேண்டும்.

1838-ல் துங்கு முஹம்மது ஸஆத் தலைமையில் மறுபடியும் கிளர்ச்சி மூண்டது. கடாரம் மீண்டும் சில மாதம் கைமாறியது. மறுபடியும் ஆங்கிலக் கப்பல்கள் கரையை மறித்தன. 1839-ல் அதுவும் அடங்கியது. இருபதாண்டுப் போரில் நாடு பாழாயிற்று. வயலில் ஆள் இல்லை. ஆள் இல்லாத நாட்டை ஆண்டு என்ன பயன் என்று சயாமியரும் சலித்தார்கள்.

திரும்பிய நாள்

முடிவில் கத்தி செய்யாததைக் கடிதம் செய்தது. ஸுல்தானின் மூத்த குமாரர் பாங்காக் சென்று தந்தையின் சார்பில் சமாதானம் பேசினார். ஆங்கிலக் கவர்னர் பான்ஹாமும் அதற்கு ஆதரவு தந்தார். சயாம் அரசர் இணங்கினார். 1842-ல் ஸுல்தான் அஹ்மது தாஜுத்தீன் ஹலீம் ஷா தம் நாடு திரும்பினார். நாட்டை விட்டு ஓடி 21 ஆண்டுகள் ஆகியிருந்தன.

திரும்பக் கிடைத்தது முழு நாடு அன்று. பெர்லிஸ், செத்தூல், கூபாங் பாசு ஆகியவை தனித்தனி அதிபர்களிடம் போய்விட்டன. பூங்கா மாஸும் முன்போலவே அனுப்பவேண்டியிருந்தது. எனினும் அவர் தம் சொந்த மண்ணில், தம் மக்கள் நடுவே, 1845-ம் ஆண்டு ஜனவரி மாதத்தில் காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஒரு சொல்லுக்கு இரு வீடு

நிற்க. ஆங்கிலத்தில் அகதிக்குக் கொடுக்கும் புகலிடத்துக்கும் அஸைலம் என்றே பெயர். மனநோயாளிகளைச் சேர்த்து வைத்த பழைய ஆஸ்பத்திரிக்கும் அஸைலம் என்றே பெயர். கிரேக்க மொழியிலிருந்து வந்த அச்சொல்லுக்கு, யாரும் கைவைத்துப் பறிக்கக்கூடாத இடம் என்பது அடிப்படைப் பொருள். ஒரே சொல் இரண்டு வீடுகளுக்கும் எப்படிப் பொருந்திற்று என்று வியக்கவேண்டியதில்லை. நம் தமிழிலேயே பாருங்கள். அடைக்கலம் என்கிறோம், சரண் அடைந்தான் என்கிறோம். கதவை அடைத்தான், சிறையில் அடைத்தான் என்றும் சொல்லுகிறோம். ஒரே 'அடை'தான் இரண்டு பக்கமும் நிற்கிறது. காப்பாற்றுவதற்காக மூடிய கதவு, நாளடைவில் வெளியே விடாத கதவாக மாறுவதற்கு அதிக நாள் பிடிப்பதில்லை. ஸுல்தானின் பத்தாண்டுப் பினாங்கு வாழ்வும் பத்தாண்டு மலாக்கா வாழ்வும் அதற்குச் சான்று.

மனநோய் கண்டவர் விஷயத்திலும் இப்படியே நடந்தது. மலாயாவில் 1911-ல் பேராக்கிலுள்ள தஞ்சோங் ரம்புத்தானில் பெரிய மனநோய் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. இன்று அதற்குப் பஹாகியா, அதாவது ஆனந்தம், என்று பெயர். ஆனாலும் நம் கடைத்தெருவில் ஒருவரைக் கேலி செய்யவேண்டுமானால் ரம்புத்தானுக்கு அனுப்பு என்கிறோம். சென்னையில் உள்ளவர்கள் கீழ்ப்பாக்கத்தைச் சொல்லுவதுபோல. புகலிடமாக அமைந்த ஊர்ப்பெயர் வசைச்சொல்லாகிவிட்டது. அதனால் என்ன விளைகிறது? வீட்டில் ஒருவருக்கு மனம் நலிந்தால் வெளியே சொல்ல வெட்கப்படுகிறோம். மாடியறையில் பூட்டி வைக்கிறோம். அல்லது ஊருக்கு அனுப்பித் தர்காவில் விட்டுவிட்டு மாதாமாதம் பணம் அனுப்புகிறோம்.

அப்படி விட்டதன் முடிவை 2001-ம் ஆண்டு ஆகஸ்டு 6-ம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் உலகம் கண்டது. தர்காவுக்கு அருகே தனியார் நடத்திய ஓலைக்கொட்டகை விடுதி ஒன்றில் அதிகாலையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட வழியில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களும் அடைக்கலம் என்று நம்பி விடப்பட்டவர்கள்தாம். அதன்பின் அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. இந்திய உச்சநீதிமன்றமும் தானே முன்வந்து இதை விசாரித்தது. பிற்பாடு மருந்தும் துஆவும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்ற கருத்தில், ஜியாரத்துக்கு வருவோரை மருத்துவரும் பார்க்கும் ஏற்பாடு ஏர்வாடியில் செய்யப்பட்டது. இது நல்ல ஏற்பாடு.

நம் மார்க்கத்தின் வரலாற்றில் இது புதிதும் அன்று. 1154-ல் ஸுல்தான் நூருத்தீன் டமாஸ்கஸில் அமைத்த மருத்துவமனையிலும், 1284-ல் ஸுல்தான் கலாவூன் கெய்ரோவில் அமைத்த மருத்துவமனையிலும் மனநோயாளிகளுக்கு இடம் இருந்தது. வக்பு வருமானத்தில் அவை நடந்தன. கெய்ரோ மருத்துவமனையில் குணமானவர் வெளியேறும்போது, உடனே வேலைக்குப் போய்த் துன்புறாதிருக்கக் கையில் பணமும் கொடுத்தனுப்பினார்கள் என்று கூறுவர். உள்ளே சேர்த்ததோடு தம் வேலை முடிந்தது என்று அவர்கள் எண்ணவில்லை. அவர் வெளியே போய் வாழவேண்டும் என்பதே அவர்கள் நோக்கம்.

நம் வாசலில்

திருக்குர்ஆனின் தவ்பா அத்தியாயத்து ஆறாம் வசனம் நாம் நன்கு அறிந்ததே. மாற்றார் ஒருவர் புகலிடம் கேட்டாலும் கொடுக்கவேண்டும், பின்பு அவருக்கு அச்சமற்ற இடத்தில் அவரைக் கொண்டு சேர்க்கவும் வேண்டும் என்பது அதன் கருத்து. கொண்டு சேர்க்கவேண்டும் என்ற அந்தப் பின்பகுதியில்தான் பினாங்குக் கம்பெனியார் தவறினார்கள். கதவைத் திறந்தார்கள், வழியைத் திறக்கவில்லை.

அவர்கள் போய்விட்டார்கள். இன்று நாம் இருக்கிறோம். பர்மாவின் அராக்கான் கரையிலிருந்து ரோஹிங்யா மக்கள் இந்நாட்டுக்கு வந்திருக்கிறார்கள். பினாங்கிலும் எதிர்க்கரையிலும் அவர்கள் குடும்பங்கள் வாழ்கின்றன. மலேசியா 1951-ம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேர்ந்த நாடு அன்று. ஐக்கிய நாட்டு அகதிகள் ஆணையம் தரும் அட்டை அவர்களிடம் இருக்கலாம். அந்த அட்டை வேலை செய்யும் உரிமையைத் தானாகத் தந்துவிடாது. ஆகவே கிடைத்த வேலையைக் கிடைத்த கூலிக்குச் செய்கிறார்கள். அவருக்கு வேறு போக்கிடம் இல்லை என்பதற்காகவே கூலியைக் குறைத்துக் கொடுப்பவர், பர்னியின் 13-வது ஷரத்தைத் தம் கடையிலேயே எழுதி மாட்டியவர் ஆகிறார். சட்டத்தை நாம் மாற்றிவிட முடியாது. சட்டத்தை மீறவும் வேண்டாம். ஆனால் நியாயமான நடத்தை, நோயுற்றால் மருத்துவ உதவி, பிள்ளைக்கு எழுத்தறிவு, அவமதிக்காத ஒரு சொல், இவற்றுக்கு எந்தச் சர்க்காரின் முத்திரையும் தேவையில்லை.

அதேபோல் நம் வீடுகளில் மனம் நலிந்தவர் இருப்பின், அவரும் அல்லாஹ் நம்மிடம் விட்ட அமானத்தே. நோய்க்கு மருந்து தேடச் சொன்ன மார்க்கம் நம்முடையது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதில் வெட்கம் என்ன? அங்கே சேர்த்தபின் போய்ப் பார்ப்பதும், குணமானதும் வீட்டுக்கு அழைத்து வருவதும், அவருக்குக் கடையில் ஒரு நாற்காலி போடுவதும் நம் பொறுப்பு. வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க ஆள் இருக்கும்வரை ஆஸ்பத்திரி புகலிடமாக இருக்கும். ஆள் போவது நின்றால் அதுவே சிறை.

ஸுல்தான் அஹ்மது தாஜுத்தீன் ஹலீம் ஷா இத்தீவில் வந்து இறங்கி 200 ஆண்டுகள் கடந்துவிட்டன. அவருக்குக் கதவு திறந்தவரின் பெயரும், அவரை அரிசிக்கு ஈடுவைத்தவரின் பெயரும் இரண்டும் வரலாற்றில் நிற்கின்றன. நம் வாசலுக்கு வந்தவர்களை நாம் எப்படி நடத்தினோம் என்பதும் ஓர் ஏட்டில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. மறைந்த அரசருக்கு மஃபிரத்தையும், வீடிழந்தோருக்கு வீட்டையும், மனம் நலிந்தோருக்கு ஷிபாவையும், நமக்கு நல்ல அண்டை வீட்டாராக வாழும் தவ்பீக்கையும் வல்ல அல்லாஹ் அருள்வானாக. ஆமீன்.